அப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்

அக்கா போன் செய்தபோது நான் வடகரப்பதியில் ஒரு தென்னந்தோப்பில் நின்றிருந்தேன். எங்கள் போர்வெல் வண்டி எழுநூறு அடி தாண்டியும் வெறும் புழுதியைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்து மறுபடி கூப்பிட்டேன்.

"ஏல, நம்ம வீட்டுல ஆளே இல்லையாம்ல" என்றாள்.

"எந்த வீட்டுல?"

"நான் இருக்க வீட்டுலதான். நான் உள்ள நின்னு கஞ்சி காய்ச்சிட்டு இருக்கேன். வெளிய பேப்பருல ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாவ."

அக்கா இருப்பது இடுக்கியில், கம்பம்மெட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகள். நானும் அங்கேதான் பிறந்தேன். ஏழாவது பாதியில் ஓடிப்போனவன். அதற்குப் பிறகு ஒரு கூரைக்குக் கீழே ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். கொழுந்து பறித்தாள், மாமா செத்தபோதும் பறித்தாள், கம்பெனிக்காரர்கள் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் போன பிறகு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வந்தாள். அவள் மகன் திருப்பூரில் ஒரு ரூமில் ஆறு பேரோடு இருக்கிறான்.

இப்போது லயங்களை இடிக்கப் போகிறார்கள். குடியிருக்கிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று சென்ட் இடம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்காக வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்து தாமசக்காரர் லிஸ்ட் எடுத்தார்கள். தாமசக்காரர் என்றால் அங்கே குடியிருப்பவர். அந்த லிஸ்டில் அக்கா இல்லை. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் இடம் இல்லை, லயமும் இல்லை.

லீவு சொல்லிவிட்டுப் போனேன். போய்ப் பார்த்த பிறகுதான் தப்பு எங்கே நடந்தது என்று புரிந்தது. அது எங்கள் ஆட்களின் தப்புதான்.

ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னத் தகரம் அடித்திருக்கும். எங்கள் தகரம் நாலாவது லயம் ஒன்பதாம் நம்பர். ரேஷன் கார்டு, வேலைக்குப் பெயர் பதிகிற செக்ரோல், தபால், கோயில் வரி எல்லாம் அந்த நம்பருக்குத்தான். கூரை ஒழுகினால், குடும்பம் பெருத்தால், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை முற்றினால், ஆபீஸில் சொல்லிவிட்டுக் காலியான வேறு அறைக்கு மாறுவார்கள். மாறும்போது ஆணியைப் பிடுங்கித் தகரத்தையும் கையோடு கொண்டு போய்ப் புதுக் கதவில் அடித்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பானை சட்டியைப் போல நம்பரும் குடும்பத்துச் சாமான். அப்பா நாலாவது லயத்திலிருந்து இரண்டாவது லயத்துக்கு மாறியபோது நான் பிறக்கவே இல்லை. தகரம் அன்றிலிருந்து இரண்டாவது லயத்துக் கதவில் இருக்கிறது. இரண்டாவது லயத்தில் வரிசையாக நடந்தால் நாலில் ஒன்பது, ஒன்றில் மூன்று, ஐந்தில் பன்னிரண்டு என்று வரும். தபால்காரருக்குக்கூடப் பழகிவிட்டது.

லிஸ்ட் எடுக்க வந்தவர்கள் கதவைப் பார்க்கவில்லை. பழைய பிளானை விரித்து வைத்துக்கொண்டு கிழக்கிலிருந்து எண்ணினார்கள். நாலாவது லயத்தின் ஒன்பதாவது அறைக்குக் கூரை போய்ப் பத்து வருஷம் ஆகிறது. உள்ளே கொய்யா மரம் நிற்கிறது. ஆள் இல்லை என்று எழுதினார்கள். அக்கா இருக்கும் அறை பிளான்படி வேறு யாருக்கோ உரியது. அந்தக் குடும்பம் எப்போதோ கம்பத்துக்குப் போய்விட்டது. அதனால் அங்கேயும் ஆள் இல்லை. அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். யாரோ புறம்போக்காய் ஏறிக் குடியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் நல்ல மாதிரிதான் பேசினார். பாதி மலையாளம், பாதி தமிழ். "சேச்சீ, ஞான் நம்பறேன். ஆனா எனிக்கு ஒரு ரேகை, ஆதாரம், வேணம். வீடு மாறினதுக்கு எஸ்டேட் கொடுத்த எதாவது பழைய பேப்பர் உண்டோ?"

"இல்ல சார்" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் கேட்டேன். "டிரங்குப் பெட்டில ஒரு இங்கிலீஷ் பேப்பர் இருக்குமே? அப்பா மடிச்சு வச்சிருப்பாரே?"

"இருக்கு."

"பின்ன ஏன் இல்லன்ன?"

"இருந்தா குடுத்துரணுமோ?"

அன்று சாயங்காலம் அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். அச்சடித்த சின்னத் துண்டு. இடையிடையே பேனா எழுத்து. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு இங்கிலீஷ் வரும். மானேஜரின் கையெழுத்து இருந்தது. நாலாவது லயத்திலிருந்து இரண்டாவது லயத்துக்கு, நம்பர் ஒன்பது, என்று இருந்தது. கிளார்க் கேட்டதே அதுதான். அப்பாவின் பெயர் பேனாவில் இருந்தது. பெயருக்கு முன்னால் அச்சில் ஒரு சொல் இருந்தது. கூலி.

குடத்தோடு உள்ளே வந்தவள் என் கையில் அதைப் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கவில்லை.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன். எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"ஆறாங் கிளாஸுக்கு என்னைய கீழ டவுன் பள்ளிக்கூடத்துல சேர்க்க, விலாசத்துக்கு அப்பா இதத்தான் எடுத்துட்டு வந்தாவ. சாரு கிளாஸுல வச்சுச் சத்தமாப் படிச்சாரு. அப்பா பேரப் படிக்கல. முன்னால இருந்தத மட்டும் படிச்சாரு. அந்த வருசம் பூரா எனக்கு அதாம்ல பேரு. பரீட்சைக்குப் போகல நான்."

அவள் ஆறாவதோடு நின்றது எனக்குத் தெரியும். படிப்பு வரவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"அதுக்காக மூணு சென்ட்ட விடுவியா?"

"அந்த ஆபீஸுல நாப்பது பேரு நிக்காவ. திரும்பவும் ஒருத்தன் சத்தமாப் படிப்பான். வேற வழி பாரு."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது இது மட்டும்தான்: அந்தச் சொல் கெட்ட சொல் இல்லை என்று காட்டிவிட்டால் அவள் கொடுத்துவிடுவாள். கூலி நம்முடைய வார்த்தைதானே. வேலை செய்தால் கொடுப்பது கூலி. அதை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டு போய் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். இதை யாராவது விவரம் தெரிந்தவர் வாயால் கேட்டு அவளிடம் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

வடகரப்பதித் தோட்டக்காரரிடம்தான் முதலில் கேட்டேன். இரண்டாவது குழியும் காய்ந்துபோய் அவர் கயிற்றுக்கட்டிலில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அதுலென்னங் தம்பி இருக்குது? எங்க தோட்டத்துக்குந்தான் கூலிக்கு ஆளு வர்றாங்க. கூலி குடுக்கறோம். அது கெட்ட வார்த்தைங்களா?"

"இல்லீங்க. ஆனா ஆளையே அப்படிக் கூப்பிடுவீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "கூப்புடறதில்லீங்க. பேரச் சொல்லித்தான் கூப்புடுவோம்."

"பேரு தெரியலைன்னா?"

"ஏப்பான்னு கூப்புடுவனுங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந்தம்பி, நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன கேக்கறீங்க? மூணாவது குழியிலாச்சும் தண்ணி வருமா, அதச் சொல்லுங்க."

வரவில்லை. அங்கிருந்து வண்டி ஆனைகட்டிக்குப் போனது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குக் குழி போட்டோம். கோயம்புத்தூரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். குடிக்கத் தண்ணீர் வாங்கப் போனவன், அவர் மேஜை நிறைய புத்தகத்தைப் பார்த்ததும் கேட்டேன்.

அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. அதை முதலில் கொண்டு போனவர்கள் இங்கிலீஷ்காரர்கள்கூட இல்லை, அவர்களுக்கு முன்னால் வந்த போர்ச்சுக்கீசியர்கள். குஜராத் பக்கம் கோலி என்று ஒரு ஜனம் உண்டு, அவர்கள் பெயர்தான் இப்படி ஆனது என்று இன்னொரு கட்சி. துருக்கியில் அடிமைக்கு ஒரு சொல் இருக்கிறது, அதுவும் கலந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு.

"இதுல எதுங்க மேடம் சரி?"

"உறுதியா யாரும் சொல்ல முடியாதுங்க. தமிழுக்கும் குஜராத்துக்கும்தான் போட்டி. ரெண்டும் போற வழியில ஒண்ணாச் சேர்ந்திருக்கலாம்."

"தமிழுதான்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர முடியுங்களா?"

சிரித்தார். பிறகு நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். "எழுதித் தந்தாலும் அது பொய்யாயிடும். இன்னொண்ணும் இருக்கு. சீனாவுலேர்ந்து கப்பல்ல போனவங்களையும் இதே சொல்லாலதான் கூப்பிட்டாங்க. மலேயா, ஆப்பிரிக்கா, எங்க வேலைக்குக் கூட்டிட்டுப் போனாலும். அவங்க இருந்த வரிசை வீட்டுக்கும் அதே பேர்தான்."

"சீனாக்காரருக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரே பேரா?"

"ஆமா."

குழிக்குத் திரும்பிய பிறகும் எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சீனாக்காரர் வாங்கின பணத்துக்கு அவர் பாஷையில் வேறு பெயர் இருந்திருக்கும். எங்கள் அப்பா வாங்கினதுக்குப் பெயர் கூலி. ஆனால் அவர் கூலி இல்லை, கூலியாள். பணத்தின் பெயர் எங்கே வைத்து ஆளின் மேல் ஏறியது? அல்லது அது பணத்தின் பெயரே இல்லையா? நாங்கள் பார்த்தே இராத ஒரு ஜனத்தின் பெயரா? அப்படியானால் அக்காவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு குஜராத்திப் பெயரால் கூப்பிட்டார்களா? அன்று ராடு மாட்டும்போது கவனம் பிசகி இடது கைச் சுண்டுவிரல் நகம் போனது. துணி சுற்றிக்கொண்டு மிச்சத்தை மாட்டினேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மறுபடி கிளம்பினேன். கம்பம்மெட்டில் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அங்கே ஒரு ஏலக்காய்க் கடையில் எங்கள் எஸ்டேட் ஆபீஸின் பழைய கணக்கப்பிள்ளை எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நாலில் ஒன்பது என்றதும் தெரிந்துவிட்டது.

"ஓடிப்போனவன்தான? வா, உக்காரு."

வீடு மாறின துண்டைப் பற்றிக் கேட்டேன். பெருமையாகச் சொன்னார். "நாந்தாம்ப்பா எழுதுவேன். மானேஜர் கையெழுத்து மட்டும்தான் போடுவாரு."

"அப்ப அந்தச் சொல்லையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"அது அச்சடிச்சே வந்துச்சுப்பா. வெள்ளக்காரன் காலத்து புக்கு, கட்டுக்கட்டாக் கெடந்துச்சு. தீர்ற வரைக்கும் ஓட்டினோம். நான் பேரையும் நம்பரையும்தான் போடுவேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்ணே?"

"அர்த்தமா?" கையிலிருந்த ஏலக்காயைத் தட்டில் போட்டார். "லயத்துல இருக்கவன்னு அர்த்தம். வேற என்ன? பங்களாவுல இருக்கவரு வேற, குவார்ட்டர்ஸ்ல இருக்கவங்க வேற. எந்தப் புக்க எடுக்கணும்னு தெரியணும்ல?"

"நீங்க குவார்ட்டர்ஸ் மாறினா?"

"எங்களுக்குத் தனி புக்கு."

"அதுல உங்க பேருக்கு முன்னால என்ன இருக்கும்?"

தராசுத் தட்டைத் துடைத்தார். "மிஸ்டர்னு இருக்கும்" என்றார். பிறகு டீ சொன்னார். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ், குஜராத், துருக்கி, சீனா, இரண்டு புக்கு. சொல்லச் சொல்ல எனக்கே எது முன்னால் எது பின்னால் என்று குழம்பிவிட்டது. அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"முடிவா என்ன சொல்லுதாவ?"

"முடிவா ஒண்ணுமில்ல. நம்ம வார்த்தையா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

"இதக் கேக்கவால ஊரூராப் போன?"

"நம்ம வார்த்தைன்னு தெரிஞ்சா உனக்குக் கஷ்டமா இருக்காதுன்னு நினைச்சேன்."

"நம்ம வார்த்தைன்னு எனக்குத் தெரியாதா? சனிக்கெழம சனிக்கெழம கேட்டு வாங்கினதாம்ல அது. அந்த சாரு நம்ம வார்த்தைய வச்சா என்னைக் கூப்பிட்டான்?" புளிக் கையை உதறினாள். "எங்க இருந்து வந்தா எனக்கென்ன. என்கிட்ட வந்து சேர்ந்தது அவன் வாயில இருந்து."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளே சொன்னாள். "இடிச்சிட்டா எங்க போவேன், சொல்லு. உன் லாரிக்கு அடியிலயா?" டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துத் தன் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் ஆபீஸில் கூட்டம் வராந்தா வரை நின்றது. பாதிப் பேர் எங்கள் லயத்து ஆட்கள். எல்லாருக்கும் இதே தகரப் பிரச்சினை. கிளார்க் துண்டை வாங்கினார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்துவிட்டு, "இது மதி சேச்சீ, இது மதி" என்றார். போதுமாம். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு தாளை நீட்டினார். இந்தப் பேப்பரில் கண்டவரின் மகள்தான் நான் என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் பெயரைப் பேப்பரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும்.

"தொழிலாளின்னு எழுதலாங்களா?" என்று கேட்டேன்.

"பேப்பரில் அப்படி இல்லல்லோ."

"அர்த்தம் ஒண்ணுதான சார்? அதுவே நிச்சயமில்லாத அர்த்தம் சார். குஜராத்துலேர்ந்து வந்ததா இருக்கலாம்னு சொல்றாங்க. போர்ச்சுக்கீசியருங்க…"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு லயத்துப் பெண், "ஏ அண்ணே, போர்ச்சுக்கீசியர அப்புறம் பாக்கலாம், மணி மூணாவுது" என்றாள். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேட்டா, எனிக்கு அர்த்தம் வேண்டா. மேலே தாலுக்கில் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சு நோக்கும். வித்தியாசம் இருந்தா திரும்ப வரும். இன்னைக்கு லாஸ்ட் டே."

அவளுக்காக நான் பேனாவை எடுத்தேன். நகம் போனது இடது கையில், பேனா பிடித்தது வலது கைதான். ஆனாலும் எழுத வரவில்லை. அப்பா பெயருக்கு முன்னால் அதை என் கையால் எழுதுவதா என்று நின்றுவிட்டேன். இத்தனை நாள் அது ஒன்றுமில்லாத சொல் என்று அவளிடம் வாதாடியவன் நான்தான்.

"குடு" என்றாள் அக்கா.

"உனக்கு இங்கிலீஷ் எழுத்து…"

"பாத்து வரைஞ்சிருவேன்."

மேஜை ஓரத்தில் துண்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தாள். கோலத்தில் புள்ளி எண்ணுகிற மாதிரி இரண்டு தரம் எண்ணினாள். அந்தச் சொல் கோணலாக, எறும்பு ஊர்ந்த மாதிரி விழுந்தது. அடுத்ததாக அப்பாவின் பெயரை எழுதினாள். பேனாவில் இருந்த இங்கிலீஷைப் பார்க்காமல் தமிழில் எழுதினாள், அதைவிட மூன்று மடங்கு பெரிதாக. கிளார்க் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கோபமா என்று கேட்டேன். "பேசாம வா" என்றாள். கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவான லிஸ்ட் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று போன் செய்தாள். "நீ வந்து பாத்துச் சொல்லு." மலையாளம் அவளுக்கு என்னைவிட நன்றாகவே வாசிக்க வரும். ஆனாலும் வரச் சொன்னாள், போனேன்.

கம்ப்யூட்டரில் அடித்த லிஸ்ட். அக்கா பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. பழைய நம்பர், புது இடத்தின் நம்பர். லயத்துக்கும் இடம் கேட்டவருக்கும் என்ன சம்பந்தம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் ஒன்றே அடித்திருந்தது: தொழிலாளியின் வாரிசு.

"இடம் வந்துட்டுக்கா" என்றேன்.

"அது தெரியும். அப்பா பேருக்கு முன்னால என்ன போட்டுருக்கு?"

"ஒண்ணும் போடல. பேரு மட்டும்தான்."

"அத்தன பேரு முன்னால அந்தச் சொல்ல நான் எழுதிக் குடுத்தேன்லா?"

"அத அவங்க இதுல சேர்க்கல."

அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். விரலை வைத்து அப்பாவின் பெயருக்கு இடது பக்கம் இருந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் தங்கள் பெயரைத் தேட முண்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேற பக்கத்துல எங்கயும் அந்தச் சொல்லு இருக்கான்னு பாரு" என்றாள்.

மூன்று பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"இல்லக்கா."

"இன்னொரு தடவ பாரு" என்றாள்.